புள்ளியில் வராதவர்கள்

என் மாமா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், தூசி படியாமல் கீபோர்டின் மேல் ஒரு ஈரிழைத் துண்டு. சில வருஷங்களுக்கு முன் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற டீச்சர். இன்னொருவர் நர்ஸ் வேலை பார்த்தவர். திருக்கோஷ்டியூர்ப் பக்கம்தான், எந்தத் தெரு என்று சொல்லப்போவதில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தெருக்காரர்களைக் கேட்டால் "அக்கா தங்கச்சி மாதிரி" என்பார்கள். அந்த "மாதிரி"யோடு ஊர் தன் விசாரணையை முடித்துக்கொண்டது. டீச்சர் பெயரில் இருந்த வீட்டை நர்ஸம்மாவுக்கு எழுதிவைக்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார்கள்.

"என்ன உறவுமுறை போடட்டும் டீச்சர்?" என்று மாமா கேட்டார்.

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. நர்ஸம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "கூட இருக்கறவங்கன்னு போடுங்கண்ணே" என்றார் டீச்சர் கடைசியில்.

"அப்படி ஒரு கட்டம் இல்லீங்களே."

கட்டம் இல்லை என்பதற்கு விலை உண்டு. தமிழ்நாட்டில் தான செட்டில்மென்ட் பத்திரத்தைக் குடும்பத்தாருக்கு எழுதினால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு இருக்கிறது. வீடு எவ்வளவு பெரியதானாலும் அதைத் தாண்டாது. யார் குடும்பம் என்பதற்கும் பட்டியல் இருக்கிறது: தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர். பட்டியலுக்கு வெளியே இருப்பவருக்கு எழுதினால் சந்தை மதிப்பில் 7 சதவீதம் தீர்வை, அதன்மேல் பதிவுக் கட்டணம். தெரு சொன்ன பொய் மட்டும் நிஜமாக இருந்திருந்தால், அதாவது அவர்கள் உண்மையிலேயே அக்கா தங்கையாக இருந்திருந்தால், சலுகை கிடைத்திருக்கும். கடைசியில் உயில் எழுதுவதென்று முடிவாயிற்று. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சி போதும். யார் பெயருக்கும் எழுதலாம்.

ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் ஏற்குமா என்ற கேள்வி டெல்லியில் ஐந்து நீதிபதிகள் முன்னால் நடக்கும் தத்துவ விவாதமாகவே நமக்கு அறிமுகமாகியிருக்கிறது. எனக்கு அது அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வியாகத்தான் படுகிறது. திருக்கோஷ்டியூர் என்றதும் இராமானுசர் பதினெட்டு முறை நடந்துவந்து பெற்ற மந்திரத்தை ஊரறியச் சொன்ன கதையை இழுத்துவந்து கட்டுரையை அலங்கரிப்பது எளிது. அவர் பேசியது மோட்சத்தைப் பற்றி. நான் பேசுவது ரேஷன் கார்டைப் பற்றி. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

குடும்பத்தை எண்ணுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனிச்சொல் உண்டு: புள்ளி. நகரத்தார் வழக்கில் பிறந்ததால் மட்டும் யாரும் புள்ளியாவதில்லை, கல்யாணம் ஆக வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் காரியம், ஊர்ப் பொதுச்செலவு எல்லாம் புள்ளிக் கணக்கில் பிரியும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது கோயில்களில் எதைச் சேர்ந்தவரோ அந்தக் கோயிலில் கல்யாணத்தைப் பதிந்து மாலை வாங்கிவர வேண்டும். கல்யாணத்தன்று "இசைகுடிமானம்" எழுதுவார்கள். இரண்டு வீட்டாரும் இசைந்ததை எழுத்தில் வைத்துக் கைமாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் அது. மேளம், தாலி, மங்கல அரிசி எல்லாம் ஒரு பக்கம் இருக்க, எழுத்தும் மாலையும் பதிவும் இல்லாமல் கல்யாணம் நிறைவதில்லை. பிள்ளை இல்லாதவர்கள் "பிள்ளை கூட்டிக்கொள்வார்கள்". சுவீகாரம் என்று மற்றவர்கள் சொல்வதுதான், ஆனால் "கூட்டுதல்" என்ற சொல்லில் கணக்கு வாசனை இருக்கிறது. வட்டிக்கடையும் பேரேடும் வளர்த்த சமூகம் உறவையும் பேரேட்டில் ஏற்றிவைத்தது. இரத்தத்தால் வராத உறவை எழுதி உண்டாக்கலாம் என்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தியே அல்ல.

சட்டத்தின் கதையில் முதல் பாதியைச் சுருக்கமாகவே சொல்லலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1860இல் வெள்ளைக்கார அரசு எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறான" உறவைக் குற்றமாக்கியது. 2009 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் வயதுவந்தோர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவை அதிலிருந்து விலக்கியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே தவறென்று சொல்லித் திருத்திக்கொண்டது. அதோடு போலீஸ் பயம் தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். தீரவில்லை. 377இன் கீழ் வழக்குப் போட்டுத்தான் போலீஸ் வீட்டுக்கு வர வேண்டும் என்பதில்லை. பெண்ணைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தால் போதும்.

இரண்டாம் பாதி 2023 அக்டோபர் 17. ஒரே பாலினத் திருமணத்தை ஏற்கக் கோரிய சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது: திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல, சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது. திருமணம் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழும் இணையருக்கு ஒரு சட்ட அந்தஸ்தாவது வேண்டும் என்றார்கள் சந்திரசூடும் கௌலும். மற்ற மூவரும் அதையும் மறுத்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை எழுதியவர் ரவீந்திர பட். இணையருக்கு என்னென்ன உரிமை தரலாம் என்று ஆராய மத்திய அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைப்பதாக அரசு சொன்னது பதிவாயிற்று. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி.

அந்த வழக்கில் மத்திய அரசு வைத்த வாதங்களில் ஒன்று என் காதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: இது நகர்ப்புற மேல்தட்டினரின் கோரிக்கை என்பது. சந்திரசூட் தன் தீர்ப்பில் அதற்கு விரிவாகவே பதில் சொன்னார். ஆனால் நமக்கு அவருடைய பதில் தேவையில்லை, வழக்குப் பட்டியலே போதும். 1987இல் போபாலில் இரண்டு பெண் போலீஸார் மாலை மாற்றிக்கொண்டு வேலையை இழந்தார்கள். தமிழ்நாட்டில் நீதிமன்றப் படியேறியவர்கள் மதுரை, தூத்துக்குடி, வேலூர்ப் பக்கத்தவர்கள். மேல்தட்டினருக்குக் கனடா விசா இருக்கிறது. 2022இல் சென்னையில் தமிழ் பிராமண முறைப்படி ஒரு தமிழ்ப் பெண்ணும் வங்கதேசப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்ட படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அவர்களுக்கு அதன்பின் திரும்பிப்போக ஒரு நாடு இருந்தது, அங்கே சட்டமும் இருந்தது. டீச்சருக்கும் நர்ஸம்மாவுக்கும் பேருந்து நிறுத்தம்தான் இருந்தது.

தமிழ்நாடு திருமணத்தின் இலக்கணத்தை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருக்கிறது. இந்த விவாதத்தில் போதிய அளவு பேசப்படாத சங்கதி அதுதான் என்பது என் எண்ணம். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஐயரில்லாமல், மந்திரமில்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் அப்படியே செய்துகொண்டார்கள். சட்டம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டபோது நிராகரித்தது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கின் பெயர் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார். பெயர்களைப் படித்தாலே எந்தப் பக்கத்துக் குடும்பம் என்று தெரியும். சாஸ்திரச் சடங்கும் இல்லை, நீண்டகால வழக்கமும் இல்லை, ஆகவே சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. கல்யாணத்தை இவ்வளவு பத்திரமாக எழுதிவைத்த சமூகத்தின் பெயரில்தான் "இது கல்யாணமே அல்ல" என்ற தீர்ப்பும் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

1967இல் அண்ணா முதல்வரானார். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று தங்களுக்குப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். அதைவிட முக்கியம், முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று பின்தேதியிட்டுச் சொன்னது. முதலில் மக்கள் வாழ்ந்தார்கள். நீதிமன்றம் செல்லாது என்றது. முதல் திருமணம் நடந்து ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்துச் சட்டமன்றம் செல்லும் என்றது. அந்த நாற்பது வருஷமும் சமூகம் தயாராகக் காத்திருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். 1967லும் தயாராகவில்லை. சட்டம் வந்தபின் மெல்லத் தயாரானது, இன்னும் சில தெருக்களில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

7ஏ பிரிவிலும் கணவன், மனைவி என்ற சொற்கள் இருக்கின்றன. மறைக்க ஒன்றுமில்லை, அதை அப்படியே தன்பாலீர்ப்பு இணையருக்கு நீட்ட முடியாது. ஆனால் திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை எல்லாம் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் 5ஆவது இனம். மாநிலச் சட்டமன்றத்துக்கும் கை எட்டும் தூரம். அண்ணா எட்டியதே அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 28இல் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது: சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊர்கூட்டி அறிவிப்பு தேவையில்லை, குடும்பத்துக்கு அஞ்சி ஓடிவந்தவர்களிடம் அதைக் கேட்பது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்ற பொருளில் தீர்ப்பு. அந்த அமர்வில் இருந்தவரும் ரவீந்திர பட்தான். ஏழு வாரம் கழித்துச் சுப்ரியோ தீர்ப்பு. ஒருவரே இரண்டையும் எழுதியதில் முரண் இருக்கிறதா என்று சட்டம் படித்தவர்கள் வாதாடட்டும். குடும்பத்துக்கு அஞ்சி ஓடிவருகிறவர்களின் முகம் இரண்டு வழக்கிலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உச்ச நீதிமன்றம் கைகட்டி நின்ற இடங்களில் சென்னை உயர்நீதிமன்றம் கொஞ்சம் நடந்திருக்கிறது. எங்கள் சிவகங்கை மாவட்டத்துக்கு உரிய மதுரைக் கிளையில் 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு வழங்கினார். தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவுத்துறை பதிய மறுத்தது. இந்து திருமணச் சட்டத்தில் உள்ள "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், பதிவு செய்யுங்கள் என்றது தீர்ப்பு. சட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, ஒரு சொல்லைப் படித்த விதம் மாறியது.

அடுத்தது மதுரைப் பெண்கள் வழக்கு. வயதுவந்த இரண்டு பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பியதோடு நிற்காமல், தானும் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நம் நீதிமன்றங்களில் இப்படி ஒரு காட்சியை நான் கேள்விப்பட்டதில்லை. ஆலோசகர் அறிக்கையில் பெற்றோர் சொன்னதாக ஒன்று வருகிறது: இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிடத் தங்கள் மகள்கள் துணையே இல்லாமல் தனியாக இருந்துவிடுவது கௌரவம் என்று. வம்சம் என்னாகும் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. பிள்ளை கூட்டிப் பழகிய பக்கத்தில் வம்சக் கவலைக்கு மருந்தில்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இன்றைய தத்தெடுப்பு விதிப்படி இணையராக எடுக்க வேண்டுமானால் இரண்டு வருஷத் திருமண வாழ்க்கை வேண்டும். தனிப்பெண்ணாக ஒருத்தி எடுக்கலாம். மற்றவள் அந்தக் குழந்தைக்குச் சட்டப்படி யாருமில்லை.

2021 ஜூன் 7இல் வந்த அந்த உத்தரவு போலீசுக்கு வரம்பு விதித்தது. பாலீர்ப்பை "மாற்றும்" சிகிச்சைக்குத் தடை சொன்னது. அதன் தொடர்ச்சியாகப் போலீஸ் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. 2022இல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியலொன்றை அரசிதழிலேயே வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் போன்ற சொற்கள் அரசுத் தமிழில் ஏறியது அப்படித்தான். என் மாமா வாயில் இந்தச் சொற்கள் இன்னும் புரளாது. "திருநங்கை"யும் முதலில் புரளவில்லை. பிறகு பஸ் கண்டக்டர்கூடச் சொன்னார். அதற்குமுன் ஊரில் இருந்தவை வசவுச் சொற்கள் மட்டும்தான். வசவை வைத்துக்கொண்டு மனு எழுத முடியாது.

2025 மே 22இல் வேலூர்ப் பக்கத்து ஆட்கொணர்வு வழக்கு. இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவள் தோழி மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவளை விடுவித்தது. குடும்பம் அமைய ஒரே வழி திருமணம் அல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதும் சட்டம் அறிந்த கருத்தே என்றது. அவளுடைய தாயைப் பற்றிப் பேசும்போது, எல்லாத் தாயும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்றார்கள். உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியான முதல் பெண்ணான லீலா சேத், தன் மகன் எழுத்தாளர் விக்ரம் சேத்துக்காக 2013 தீர்ப்பை எதிர்த்து வெளிப்படையாக எழுதியவர். அமர்வு அந்தத் தாயைத் திட்டவில்லை, மகளை அனுப்பிவைத்தது. எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நீதிமன்றம் வீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறது, போலீசை ஒதுங்கச் சொல்கிறது. வெளியே வந்தவர்களை எந்தப் பேரேட்டிலும் ஏற்றுவதில்லை. ஏற்றுவதற்கு ஒரு யோசனை இருக்கிறது. மதுரைப் பெண்கள் வழக்கின் தொடர்ச்சியில் 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது: "குடும்ப இணைவுப் பத்திரம்" என்று தமிழில் சொல்லலாம். சேர்ந்து வாழும் இருவர் தங்கள் உறவை எழுதிப் பதிவு செய்துகொள்வது, அதை அரசு ஏற்பது. பரிசீலிக்கும்படி அரசிடம் சொன்னார். இசைகுடிமானம் எழுதிய ஊர்க்காரனுக்கு இது அந்நியமாகப் படுமா? 2025 ஜூலையில் வெளியான மாநிலக் கொள்கை திருநர்களுக்கானது. ஒரே பாலின இணையருக்கென்று அப்படியொன்று அதோடு வரவில்லை.

பத்திரம் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பால்புதுமையினர் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு உண்டு. முழுக் கல்யாணம் கேட்டவர்களுக்கு அரைப்புள்ளி தருவதா என்பது ஒன்று. கல்யாணம் என்ற ஏற்பாடே சாதியைக் காப்பதற்குத்தானே, அதற்குள் போய் ஏன் முட்டிக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதை லேசாகத் தள்ள முடியாது. ஓடிவரும் பெண்களைத் தேடி வருகிறவர்கள் ஆணவக்கொலைக் கதைகளில் வரும் அதே அண்ணன்கள், அதே சித்தப்பாக்கள்தான். கல்யாணப் பதிவு எத்தனையோ சாதி மறுப்பு இணையரைக் காப்பாற்றவில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழ் கையில் இருந்ததால் ஸ்டேஷனில் பிழைத்தவர்களும் உண்டு. பத்திரம் கேட்கிறவர்கள் அந்த இரண்டாவது கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

வெளியுலகம் பலவிதம். தைவான் 2019இலும் தாய்லாந்து 2025 ஜனவரியிலும் முழுத் திருமணமே தந்தன. நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. இலங்கையில் 1883ஆம் வருஷத்துத் தண்டனைக் கோவையின் 365ஏ பிரிவு இன்னும் குற்றம் என்றே சொல்கிறது. அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லியும் சட்டமாகவில்லை. சிங்கப்பூர் விசித்திரம். அமைச்சர் கா. சண்முகம் முன்மொழிந்து 2022 நவம்பரில் 377ஏ பிரிவை நீக்கும் மசோதா நிறைவேறியது; அதே கையோடு, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்ற வரையறையை நீதிமன்றம் தொட முடியாதபடி அரசியலமைப்பைத் திருத்தினார்கள். குற்றவாளி இல்லை, குடும்பமும் இல்லை. நாம் ஏறக்குறைய நிற்பதும் அதே திண்ணையில்தான், பூட்டு மட்டும் இல்லை.

சில சன்னல்கள் இங்கே திறந்திருக்கின்றன. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் மத்திய அரசு சுற்றறிக்கைகள் வந்தன: இணையர் கூட்டு வங்கிக் கணக்கு வைக்கத் தடையில்லை, ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம், ரேஷன் கார்டுக்கு ஒரே வீடாகக் கருத வேண்டும், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். கடைசியில் உள்ள "உறவினர் இல்லாதபோது" என்பதைக் கவனியுங்கள். இருபது வருஷம் எட்டிப்பார்க்காத தம்பி மகன் மார்ச்சுவரி வாசலில் வந்து நின்றால் நர்ஸம்மா ஒதுங்கி நிற்க வேண்டும். வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசிடம் சேர்க்கும் தபால்காரர்தான். வாரிசு யார் என்றால், உயில் எழுதாமல் இறந்த மணமாகாத இந்துப் பெண்ணுக்குத் தாய் தந்தை, அவர்கள் இல்லையென்றால் தந்தை வழியினர். 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மட்டும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. வயதுவந்த எவரும் தனக்காகப் பேச யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம், உறவு இருக்க வேண்டியதில்லை. அதாவது புத்தி தடுமாறினால் டீச்சருக்காக நர்ஸம்மா பேசலாம். இதயம் தடுமாறினால் அப்படி எழுதிவைக்க ஒரு சட்டம் இல்லை.

அன்று உயில் தயாராக ஒரு மணி நேரமாயிற்று. மாமா "இணைபிரியாத் தோழி" என்று தட்டினார்; டீச்சர் "இணைபிரியா" வேண்டாம் என்று எடுக்கச் சொன்னார். இரண்டு சாட்சி கையெழுத்து, அதில் ஒன்று பக்கத்து டீக்கடைக்காரருடையது. பதிவு முடிந்து ரசீதை மடித்து வைக்கும்போது நர்ஸம்மா அதுவரை இல்லாத சத்தத்தில் கேட்டார்.

"உயிலு இவுக போன பிறகுதானேண்ணே பேசும். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில படுத்துட்டா யாரு பேசுறது? அதுக்கு ஏதாச்சும் எழுதித் தாங்களேன்."

மாமா கம்ப்யூட்டரில் பழைய கோப்புகளைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அதுக்கு நம்மகிட்ட மாடல் இல்லீங்கம்மா" என்றார்.